அழியா நினைவகமும் எழுதற்காப்பும்

கணினி என்றவுடன் நம்மவர் பலர்க்கும் மனக்கண்முன் தோன்றுவது திரையும் விசைப்பலகையும் உடைய பெட்டியே. ஆயின் இன்று உலகில் இயங்கும் கணினிகளுட் பெரும்பாலானவை அவ்விரண்டும் இன்றி, வேறொரு கருவியின் வயிற்றினுள்ளே அடங்கிக் கிடப்பனவாம். மின்மானியினுள் ஒன்று உண்டு. சலவை யந்திரத்தினுள் ஒன்று உண்டு. ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவற்றிற் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசினுள்ளும் ஒன்று உண்டு. இவற்றை உட்பொதி கணினிகள் என்பர். இவை மின்சாரம் நின்ற பின்னும் மறவாது வைத்திருக்கும் சில எண்களைப் பற்றியும், அவ்வெண்களை வேண்டாத எழுத்தினின்றும் காக்கும் முறை பற்றியும், விழா மலரின் விஞ்ஞானப் பகுதிக்கு ஏற்றவாறு ஒரு பாடமாக இங்கே கூறப் புகுகின்றோம். உயர்தர வகுப்பு மாணவரை முன்னிட்டே எழுதுகின்றோமாயினும், தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் இது பயன்படுதல் கூடும்.

தராசிலிருந்தே தொடங்குவோம். கொழுந்து நிறுத்தல் மலைநாட்டில் எளிய காரியமன்று. நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கப்படும் கொழுந்தின் எடையைக் கொண்டே முழுப்பேரா அரைப்பேரா என்பது தீர்கின்றது. ஈரத்திற்கென்றும் சாக்கிற்கென்றும் கழிக்கப்படும் கிலோ எத்தனை என்னும் பிணக்கு லயத்து வாசல்களில் மிகப் பழையது. இலத்திரனியல் தராசு வந்தபோது, முள் ஆடுகின்றது என்னும் வழக்கு ஒழிந்தது. எண் ஒளிர்கின்றது, யாவரும் காண்கின்றனர். ஆனால் அவ்வெண் எங்கிருந்து வருகின்றது?

தராசின் தட்டின்கீழ் ஓர் உலோகத் துண்டு உண்டு. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகின்றது. அதன்மேல் ஒட்டியுள்ள மெல்லிய கம்பியின் தடை சிறிது மாறுகின்றது. அம்மாற்றத்தைச் சுற்று ஓர் எண்ணாக மாற்றிக் கொடுக்கின்றது. அவ்வெண் கிலோகிராம் அன்று. பாடத்தின் பொருட்டு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். வெறுந் தட்டிற்கு 84,000 என்னும் எண்ணும், 20 கிலோகிராம் படிக்கல்லை வைத்தபோது 284,000 என்னும் எண்ணும் வருகின்றன என்க. இடையிலுள்ள வேறுபாடு 200,000. ஆகவே ஒரு கிலோகிராமிற்கு 10,000. இந்த 84,000, 10,000 என்னும் இரண்டு எண்களையும் அறிந்தாலன்றித் தராசு தராசாகாது. தொழிற்சாலையிலோ, முத்திரையிடும் வேளையிலோ, உண்மையான படிக்கல்லை வைத்து இவ்விரண்டு எண்களும் கண்டறியப்பட்டு உள்ளே எழுதப்படுகின்றன. அவை எழுதப்படும் இடமே அழியா நினைவகம்.

10,000 என்பதை இரும எண்ணாக எழுதினால் 0010 0111 0001 0000 என வரும். இதில் 2,048 என்னும் பெறுமானமுடைய இடத்திற் பூச்சியம் இருக்கின்றது. அவ்வொரு பூச்சியம் ஒன்றாக மாறிவிட்டதாகக் கொள்வோம். 10,000 என்பது 12,048 ஆகும். பின்னர் உண்மையில் 20 கிலோகிராம் கொழுந்து தட்டில் ஏறினால், 200,000 ஐ 12,048 ஆல் வகுத்துத் தராசு காட்டுவது 16.6 கிலோகிராம். மூன்று கிலோகிராமிற்கு மேல் மறைந்துவிட்டது. ஒருவரும் கை வைக்கவில்லை. தராசு பழுதாகி நின்றிருந்தால் அனைவரும் அறிவர். அது நிற்கவில்லை; நேர்த்தியாக ஒளிர்ந்தபடி, தசமத்தோடு, ஒரு நம்பத்தக்க எண்ணையே காட்டுகின்றது. இவ்வகைப் பிழையின் கொடுமை அதன் அமைதியிலேயே உள்ளது.

அழியா நினைவகச் சில்லு எவ்வாறு நினைவில் வைக்கின்றது என்பதைச் சுருங்கக் கூறுவோம். சிலிக்கன் ஒட்சைட்டாற் சூழப்பட்டு எங்கும் இணையாது தனித்து நிற்கும் ஒரு சிறு கடத்தியில் இலத்திரன்களைச் செலுத்திச் சிறைவைப்பதே முறை. இலத்திரன்கள் உள்ளே இருத்தலும் இல்லாதிருத்தலுமே ஒன்று, பூச்சியம் என்பதற்கு அடையாளம். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேற வழியில்லை. 24சி02 என்னும் வழக்கமான எட்டுக்கால் சில்லில் 256 பைற்றுக்கள் உண்டு. ஒரு முறை எழுதுவதற்கு ஏறத்தாழ 5 மில்லிசெக்கன் செல்லும். இலட்சக்கணக்கான முறை எழுதலாம். பல ஆண்டுகள் மறவாது. ஆக, பொருள் நம்பத்தக்கதே. ஐயத்திற்குரியது அதற்கு எழுதும் கையே.

அக்கையாவது யாது? கணினியின் முதன்மை நிரல் சில்லோடு நேரே பேசுவதில்லை. சாதனச் செலுத்தி என்னும் ஒரு சிறு நிரற்பகுதி இடையே நின்று, இதனை எழுது, அதனை வாசி என்னும் கட்டளைகளைச் சில்லிற்குரிய மொழியில் மாற்றிக் கொடுக்கின்றது. ஆதலின் நினைவகம் கெட்டதென்றால் செலுத்தியைக் குற்றஞ் சாட்டுவதே வழக்கம். அவ்வழக்கம் எப்பொழுதும் சரியன்று என்பதை நிறுவிய நிகழ்ச்சி ஒன்று 2008ஆம் ஆண்டில் நேர்ந்தது. அதனைச் சிறிது விரித்துரைத்தல் தகும். இப்பாடத்தின் உயிர்நிலை அதிலேயே உள்ளது.

லினக்ஸ் என்பது உலகெங்குமுள்ள நிரலாளர் கூடி ஆக்கும் இயங்குதளம் என்பதை மாணவர் அறிவர். அதன் 2.6.27 என்னும் பதிப்பு 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் சோதனையில் இருந்தபோது, சோதித்தவர்களின் கணினிகள் சிலவற்றில் வலையமைப்பு திடீரென இயங்காதொழிந்தது. இன்டெல் நிறுவனத்தின் 82566, 82567 வகை ஈதர்நெற் இணைப்பைக் கொண்ட கணினிகளே பாதிப்புற்றன. கணினியை நிறுத்தி மீள இயக்கியும் பயனில்லை. பழைய பதிப்பை நிறுவியும் பயனில்லை. அழியா நினைவகத்தின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்னும் அறிவித்தல் மாத்திரமே தோன்றிற்று.

அந்நினைவகத்தின் முதன் மூன்று சொற்களில் அக்கருவிக்கே உரிய முகவரி எழுதப்பட்டிருக்கும். தொடர்ந்து அமைப்பு விவரங்கள் இருக்கும். பதினாறு பிற்றுச் சொற்கள் அறுபத்து நான்கினையுங் கூட்டினால் பதினறும எண்முறையில் 'பி.ஏ.பி.ஏ.' என்னும் தொகை வரவேண்டும் என்பது இன்டெல் வகுத்த விதி. தொகை வராவிடின் செலுத்தி அக்கருவியை இயக்க மறுக்கும். மறுத்தல் முறையே, முகவரி கெட்ட கருவியை வலையமைப்பில் விடலாகாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க: சரிபார்ப்புத் தொகை களவு நிகழ்ந்ததை மறுநாட் காலையிற் கண்டு சொல்லும் காவலன் போன்றது. இரவில் எவன் புகுந்தான் என்பது அதற்குத் தெரியாது. அவனைத் தடுக்கவும் அதனால் இயலாது.

செப்டெம்பர் மாதத்தில் இச்செய்தி பரவியபோது, இன்டெல் பொறியியலாளரும் லினக்ஸ் விநியோகத்தாரும் காரணத்தைத் தேடினர். ஈதர்நெற் செலுத்தியின்மீதே முதல் ஐயம் விழுந்தது. அதன் வரிகளைத் துருவித் துருவி நோக்கியும் குற்றவாளி அகப்படவில்லை. இந்நிலையில் அவர்கள் செய்த ஒரு செயலே நாம் போற்றுவது. காரணம் தெரியும்வரை காத்திராமல், ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலேயே செலுத்தியில் ஓர் எழுதற்காப்பைச் சேர்த்தனர். செலுத்தி தொடங்கும்போது, நினைவகத்தில் ஈதர்நெற்றுக்குரிய பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதை வன்பொருளின் காப்புப் பதிவகத்தில் எழுதுகின்றது. அப்பகுதிக்கு வரும் எழுதற் கட்டளையையும் அழித்தற் கட்டளையையும் வன்பொருளே புறக்கணிக்குமாறு பணிக்கின்றது. பின்னர் இன்னொரு பிற்றை இட்டு அக்காப்புப் பதிவகத்தையே பூட்டிவிடுகின்றது. பூட்டிய பின், பூட்டிய செலுத்தியாலும் திறக்க முடியாது. கணினியை மின்னிணைப்பு நீக்கி மீள இயக்கினாலன்றித் திறவாது. உண்மையிலேயே எழுதவேண்டியவர்க்கு, மீள இயக்கி, காப்பு வேண்டாம் என முன்கூட்டியே சொல்லும் வழி ஒன்று வைக்கப்பட்டது. காப்பு இடுவதே இயல்புநிலை. விடுவதற்கே வேண்டுகோள் வேண்டும். 2.6.27 ஒக்டோபர் 9ஆம் நாள் இக்காப்போடு வெளியாயிற்று.

குற்றவாளி அதன் பின்னரே அகப்பட்டது. அது ஈதர்நெற் செலுத்தியே அன்று! நிரல்களின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸ் என்னும் வேறொரு பகுதி அது. தான் திருத்தவேண்டிய இடங்களின் முகவரிகளை அது குறித்துவைத்திருந்தது. அவற்றுட் சில, தொடக்கத்தில் மாத்திரம் பயன்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்ட நினைவிடங்கள். விடுவிக்கப்பட்ட அதே முகவரியில் ஈதர்நெற் கருவியின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பதிவகங்கள் வந்து குடியேறின. பழைய முகவரிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கடிதம் போடுபவனைப்போல, எஃப்ட்ரேஸ் அங்கே சென்று, ஒப்பிட்டு மாற்றும் கட்டளை ஒன்றைச் செய்தது. ஒப்புமை இருந்தால் புதியதை எழுது, இல்லாவிடின் விட்டுவிடு என்பது அக்கட்டளையின் பொருளென நிரலாளர் எண்ணுவர். ஆனால் இன்டெல் செயலியில் அக்கட்டளை, ஒப்புமை இல்லாதபோதும் வாசித்த பெறுமானத்தையே திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண நினைவில் அதனால் ஒரு தீங்குமில்லை. ஐந்து இருந்த இடத்தில் ஐந்தை எழுதினால் ஐந்தே. பதிவகத்திலோ எழுதுதல் என்பது கட்டளையிடுதல். மணியின் கயிற்றை இருந்த இடத்திற்கே இழுத்துவிட்டேன் என்றால் மணி அடியாதிருக்குமா? அவ்வாறே நினைவகம் கெட்டது. அந்த ஒக்டோபரிலேயே வெளியான திருத்தப் பதிப்பில் எஃப்ட்ரேஸின் அப்பகுதி முடக்கப்பட்டது.

இதிலிருந்து மாணவர் அறியவேண்டுவது, செலுத்தியை எவ்வளவு பிழையின்றி எழுதினாலும் அஃது ஒன்றே காப்பாகாது என்பது. செலுத்தியினூடு வாராத எழுத்தைச் செலுத்தி எவ்வாறு மறுக்கும்? காப்பு சில்லின் அருகிலேயே, சில்லினுள்ளேயே, இருத்தல் வேண்டும். அன்றியும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எதற்கும் அதன் திறவுகோல் கிட்டாதிருத்தல் வேண்டும். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சி.ஐ.எச். என்னும் வைரசு ஆசிய நாடுகளில் எண்ணற்ற கணினிகளின் தொடக்க நிரலை அழித்தபோதும், தாய்ப்பலகையில் எழுதுதலைத் தடுக்கும் சிறு இணைப்பியை உரிய இடத்திற் செருகி வைத்திருந்த கணினிகளில் அத்தொடக்க நிரலை அதனால் தொட முடியவில்லை. அவ்விணைப்பியைக் கையாலன்றி நிரலால் நகர்த்த முடியாது.

இனிச் சில்லுகள் தரும் பூட்டுக்களை நோக்குவோம். மேலே கூறிய 24சி02 வகையில் ஒரு கால் எழுதற்காப்புக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அக்காலை உயர் மின்னழுத்தத்தில் வைத்தால் சில்லு எழுத்தை ஏற்காது. தாழ்வில் வைத்தால் ஏற்கும். நம் இளைஞர் பலர் வாங்கி விளையாடும் மலிவான பலகைகளில் இக்கால் நேரே தாழ்நிலைக்கு இணைக்கப்பட்டே வருகின்றது. பூட்டு உண்டு, பூட்டுவார் இல்லை. ஒன்றும் இணையாது விட்டாலும், பல தயாரிப்புக்களில் அது உள்ளுக்குள்ளேயே தாழ்நிலைக்கு இழுக்கப்படும். ஆதலின் ஒரு தடையி வழியாக அதனை உயர்நிலைக்கு இழுத்து வைத்தலே முறை. செயலி விழித்தெழும் முதற் கணங்களில் அதன் கால்கள் எந்நிலையிலும் நில்லாது மிதக்கும். அப்பொழுதும் காப்பு நிலைத்திருக்க அத்தடையி வேண்டும். தொடர்முறைப் பிளாஷ் சில்லுகள் வேறொரு வகையின. ஒவ்வோர் எழுத்துக்கும் முன் எழுத அனுமதி என்னும் தனிக் கட்டளை வரவேண்டும். எழுதி முடிந்ததும் அவ்வனுமதி தானே நீங்கும். எந்தப் பகுதியைக் காப்பது என்பதை அவற்றின் நிலைப் பதிவகத்திலுள்ள சில பிற்றுக்கள் சொல்லும். அப்பதிவகத்தையும் கால் ஒன்றினாற் பூட்டலாம்.

செலுத்தியின் பங்கும் உண்டு. 2020ஆம் ஆண்டில் லினக்ஸின் அழியா நினைவகப் பகுதியில் எழுதற்காப்புக் காலைக் கையாளும் வசதி சேர்க்கப்பட்டது. கருவியின் விவரணக் கோப்பில் எந்தக் கால் என்று குறித்துவிட்டால், எழுதுவதற்குச் சற்று முன் அதனைத் தாழ்த்தி, எழுதி முடித்தவுடன் உயர்த்தும் வேலையை அப்பகுதியே செய்யும். செலுத்தி எழுதுவோர் இதிற் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. எழுத்து தோல்வியுற்றால் பிழையைத் தெரிவித்துவிட்டு இடைவழியிலேயே திரும்பிவிடும் நிரல்கள் பல; அவை கதவைத் திறந்தபடியே விட்டுச் செல்வன. வெற்றியோ தோல்வியோ, கால் மீண்டும் உயர்ந்த பின்னரே திரும்புதல் வேண்டும்.

மின்னழுத்தத் தாழ்வு இம்மலைப் பிரதேசத்தில் தனித்துக் கூறத்தக்கது. பருவ மழைக் காலத்தில் ஹட்டனில் மின்சாரம் சட்டென்று நிற்பதிலும், மங்கி மங்கி நிற்பதே கருவிகளுக்குத் தீது. ஆடுயினோ பலகைகளில் உள்ள அற்மெகா 328 சில்லை எடுத்துக்கொள்வோம். அதனுள் 1,024 பைற்று அழியா நினைவகம் உண்டு. எழுதவேண்டுமாயின் முதலில் ஒரு பிற்றை இட்டு, நான்கு துடிப்புகளுக்குள் இரண்டாம் பிற்றை இடவேண்டும். தற்செயலாய் எழுதப்படாதிருக்கவே இந்த இரட்டைப் படி. ஆயினும் மின்னழுத்தம் தாழும்போது செயலி கட்டளைகளைப் பிறழச் செய்தலும், எழுதும் வரிசையே குழம்புதலும் கூடும் எனத் தயாரித்தவர்களே எச்சரிக்கின்றனர். மருந்தும் அவர்களே கூறியதே: மின்னழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழிறங்கியவுடன் செயலியை நிறுத்தி வைக்கும் தாழ்வுணரியைச் செயற்படுத்துதல். மாணவர் செய்யும் கருவிகளில் இஃது இயங்குகின்றதா என்பதை ஆசிரியர்கள் ஒரு முறை நோக்குவார்களாக.

பூட்டு மிகுதலும் தீங்காதல் உண்டு. 2017 ஒக்டோபரில் வெளியான உபுண்டு 17.10 என்னும் லினக்ஸ் விநியோகத்தை நிறுவியவர்களுள், லெனோவோ மடிக்கணினி வைத்திருந்தோர் பலர் தம் கணினியின் தொடக்க அமைப்புக்களை மாற்ற முடியாது தவித்தனர். மாற்றுவர், சேமிப்பர், மீள இயக்கினால் பழையதே நிற்கும். இன்டெல் தொடர்முறைப் பிளாஷிற்கான செலுத்தியொன்று, ஒருவரும் கேளாமலே அச்சில்லின் எழுதற்காப்பை இட்டுவிட்டதே காரணம். டிசெம்பரில் அவ்விநியோகம் திரும்பப் பெறப்பட்டு, அச்செலுத்தி நீக்கப்பட்டு, 2018 சனவரியில் மீண்டும் வெளியிடப்பட்டது. 2008இல் நோய்க்கு மருந்தாயிருந்தது 2017இல் நோயாயிற்று. வேறுபாடு யாதெனின், முன்னையது தனக்குரிய பகுதியை மாத்திரம் எல்லை குறித்துப் பூட்டிற்று. அடுத்த மின்னிணைப்பில் நீங்கிற்று. வேண்டாதவர்க்கு வழி வைத்தது. பின்னையது தனக்குரியதல்லாததைப் பூட்டிற்று.

தராசிற்கு மீள்வோம். ஒரு தராசை வடிவமைப்பவர் இருவகை எண்களை எதிர்கொள்கின்றார். படிக்கல் கொண்டு கண்ட அளவு திருத்த எண்கள் ஆண்டில் ஒருமுறை மாறினாற் பெரிது. அன்றன்று நிறுத்த கொழுந்தின் கணக்கோ நாள் முழுவதும் எழுதப்படுவது. இரண்டையும் ஒரே சில்லில் வைத்தல் மலிவு. ஆயின் கணக்கை எழுதுவதற்காகக் காப்பு நாளுக்கு நூறு முறை திறக்கப்படும், திறந்த ஒவ்வொரு முறையும் அளவு திருத்த எண்களும் வெளியில் நிற்கும். இரண்டு சில்லுகள் வைத்தலே தக்கதென்பது எமது கருத்து. முதலாவதன் எழுதற்காப்புக் காலைச் செயலியோடு இணைக்கவே கூடாது. தராசின் உள்ளே ஒரு சிறு ஆளியோடு இணைத்து, ஆளியை மூடியின்கீழ் வைத்து, மூடியை ஈய முத்திரையாற் கட்டவேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுத்தல் அளத்தற் கருவிகளைச் சோதித்து முத்திரையிடும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்திற்கு உரியது. முத்திரை சிதைந்ததா என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் கண்ணாற் காணலாம். நிரலினுள் வைத்த கடவுச்சொல்லை அவர் எவ்வாறு காண்பார்? இக்காரணத்தாலேயே நிரற்பூட்டினும் ஆளிப் பூட்டை யாம் மேலாக மதிக்கின்றோம்.

சரிபார்ப்புத் தொகை இருக்கின்றதே, அது போதாதோ என வினவுவார் உளர். ஒரு பிற்று புரண்டால் அது காட்டிக் கொடுக்கும், உண்மை. ஆனால் அளவு திருத்தும் நிரற்பகுதியே தற்செயலாய் ஓடி, தட்டில் ஈரச் சாக்குக் கிடக்கும் வேளையில் அதனையே 20 கிலோகிராம் படிக்கல் என்று கொண்டு எழுதிவிட்டால், புதிய எண்களோடு புதிய தொகையையும் ஒழுங்காகக் கூட்டி எழுதும். தொகை பொருந்தும், நிறை பொய்க்கும். ஆளி மூடிய நிலையில் இருந்திருந்தால் சில்லு அவ்வெழுத்தை ஏற்றிராது.

கருவியைச் செய்து முடித்தபின் சோதிக்கும் முறையையும் கூறவேண்டும். பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். எழுதினேன், வாசித்தேன், சரியாக வந்தது என்பதோடு அமைவர். எழுதற்காப்பைச் சோதிப்பவர் எழுத்து தோல்வியுறுவதையே தேடவேண்டும். ஆளியை மூடி வைத்து, முன்பிருந்ததற்கு வேறான ஒரு பெறுமானத்தை எழுதுமாறு செலுத்தியைப் பணிக்க. செலுத்தி பிழையெனத் தெரிவிக்கின்றதா என்று நோக்குக. சில சில்லுகள் எழுத்தை ஏற்றதாகத் தலையசைத்துவிட்டு உள்ளே எழுதாதிருக்கும். ஆதலின் செலுத்தி மீள வாசித்து ஒப்பிட்டே வெற்றி தோல்வி கூறவேண்டும். ஒப்பிடுங்கால் செலுத்தி தன் கையிலுள்ள படியை வாசியாது சில்லையே வாசிக்கின்றதா என்பதையும் உறுதி செய்க. பின்னர் மின்னிணைப்பை நீக்கி, மீள இணைத்து, இன்னொரு முறை வாசிக்க. அடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, உயர்த்தி, பலமுறை நோக்குக. கடைசியில் ஆளியைத் திறந்து, எழுத்து ஏற்கப்படுகின்றதென்பதையும் காண்க. திறக்கவே முடியாத காப்பு உள்ள தராசை அடுத்த ஆண்டு திருத்த முடியாது. இவ்வளவும் முடிந்த பின்னர் ஆளியை மூடி, உண்மையான படிக்கல்லை ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அதன் பிறகே முத்திரையிடுவோரை அழைக்கலாம்.